எட்டு மணிக்கு ஒரு ‘ஆ’

என் முகம் பிரகாசமாக இருக்கிறது என்று முதலில் சொன்னவர் எங்கள் பாஸ்டர். லெந்து நாட்களின் மூன்றாவது ஞாயிறு அது. ஆராதனை முடிந்து வாசலில் கை குலுக்கும்போது என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு, “பிரதர் சாமுவேல், உபவாசம் உங்க முகத்துலயே தெரியுது” என்றார். பின்னால் நின்ற இரண்டு பெண்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் தலையைக் குனிந்து, எல்லாம் அவர் கிருபை என்று சொன்னேன். அப்புறம் தேக்கா கடைவீதிப் பக்கம் நடந்து போகும்போது ஒரு நகைக்கடைக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டேன். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. கண்கள் மினுங்கின. எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

அது காசநோய்க் காய்ச்சல் என்று அப்போது தெரியாது.

லெந்து என்பது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள். எங்கள் சபையில் சிலர் அந்த நாட்களில் இறைச்சியை விடுவார்கள், சிலர் டீயை விடுவார்கள். நான் பகல் சாப்பாட்டையே விட்டிருந்தேன். சாயங்கால ஜெபத்துக்குப் பிறகு ஒரு கிண்ணம் கஞ்சி, அவ்வளவுதான். அதனால் எடை குறைந்தது ஆச்சரியமாக இல்லை. சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருந்தது, ஜெபத்தில் இருக்கும்போது அப்படித்தான் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். இருமல் வந்தது, அது தெம்பனிஸ் ஆபீஸின் ஏசி. காலையில் தலையணை உறை ஈரமாக இருந்தது, அது ஏசி போடாத எங்கள் தோ பாயோ வீடு. நோய் ஒவ்வொரு முறை கதவைத் தட்டும்போதும் நானே போய் வேறு பெயர் சொல்லி உள்ளே அழைத்து உட்கார வைத்தேன்.

என் மனைவி கிரேஸ் பாலர் பள்ளியில் டீச்சர். பிள்ளைகளின் மூக்கையும் கண்ணையும் பார்த்தே காய்ச்சல் சொல்கிறவள். “ஏங்க, ஒரு தடவை டாக்டரைப் பாருங்களேன்” என்று தினமும் சொன்னாள்.

“ஈஸ்டர் முடியட்டும்.”

“அதுக்குள்ள நீங்க முடிஞ்சுடாம இருக்கணுமே.”

நான் சிரித்தேன். இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கும். அந்த வருடம் பூன் லேயில், டேனியல், எஸ்தர் வீட்டில். டேனியலுக்குக் கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர் வேலை. எஸ்தர் நாகர்கோவிலிலிருந்து கல்யாணமாகி வந்த பெண், எனக்குக் கூடப் பிறக்காத தங்கை மாதிரி. அவர்களுடைய எட்டு மாதப் பிள்ளை ஈத்தனுக்கு நான் ஞானத்தகப்பன். ஞானஸ்நானத்தின்போது பிள்ளையைக் கையில் ஏந்தி, இவனை விசுவாசத்தில் வளர்க்க நானும் பொறுப்பு என்று சபைக்கு முன் வாக்குக் கொடுத்தவன்.

அந்தச் சின்ன ஹாலில் பன்னிரண்டு பேர் உட்காருவோம். மழை அடிக்கும் என்று ஜன்னல்களை மூடிவிடுவார்கள். பாட்டை எடுத்துக் கொடுப்பது நான்தான். ஈத்தன் என் மடியில் முகம் பார்த்து உட்காருவான். நான் பாட வாயைத் திறந்தால் அவனும் திறப்பான். நான் மூடினால் அவனும் மூடுவான். பாட்டு முடிகிற வரை என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். எல்லோரும் அவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். ஆறு வெள்ளிக்கிழமைகள் அப்படிப் பாடினேன், இருமி இருமி.

பெரிய வெள்ளி வந்தது. அன்று மூன்று மணி நேர ஆராதனை. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் பிரித்துக்கொண்டு பேசுவோம். எனக்கு ஐந்தாவது, தாகத்தைப் பற்றியது. நான் பாடுகளைப் பற்றி, மனிதர் படும் துன்பங்களைப் பற்றிப் பேசினேன். “பாடு என்பது ஒரு கவர். கவரைப் பார்த்துப் பயப்படாதீர்கள், உள்ளே கடிதம் இருக்கிறது. தேவன் ஒரு நோக்கமும் இல்லாமல் யாருக்கும் வெறும் கவர் அனுப்புவதில்லை” என்றேன். தாகம் என்ற வார்த்தை வந்தபோது இருமல் பிடித்தது, நிற்கவேயில்லை. முன்வரிசையிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீரை நீட்டினார்கள். ஐந்தாம் வார்த்தையும் வறண்ட தொண்டையும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டதில் சபையில் பாதிப்பேர் அழுதார்கள். நான் நன்றாகப் பேசியதாக நினைத்தேன்.

பக்கத்து அறைக்குப் போய்க் கைக்குட்டையைப் பிரித்தேன். ரத்தம். ஒரு ஸ்பூன் இருக்கும், நல்ல சிவப்பு.

எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதவேண்டும். பெரிய வெள்ளியன்று, பாடுகளைப் பற்றிப் பேசிய வாயிலிருந்து ரத்தம் வந்ததை நான் ஒரு அடையாளம் என்று நினைத்தேன். ஐந்து, ஆறு விநாடிதான். அந்த ஐந்தாறு விநாடியும் எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. பிறகு கிரேஸ் உள்ளே வந்தாள், கைக்குட்டையைப் பார்த்தாள். “கிறுக்காங்க உங்களுக்கு? சும்மா நிக்கிறீங்க!” என்று கத்தினாள். ஆறாம் வார்த்தைக்காரர் மைக்கில் பேச ஆரம்பித்தபோது நாங்கள் டாக்சியில் இருந்தோம்.

அவசரப் பிரிவில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இளம் டாக்டர் ஒருவர், முகக்கவசத்தை இறுக்கிக்கொண்டு, வலது நுரையீரலின் மேல்பக்கத்தில் ஒரு பொந்து இருக்கிறது என்றார். சளியைச் சோதித்துக் கிருமியை உறுதி செய்யும்வரை தனியறை. சளி என்றால் தொண்டைச் சளி இல்லை, மார்பின் அடியிலிருந்து வருவது. அதற்காகக் காலையில் பல் துலக்குமுன் ஒரு சின்ன டப்பாவில் இருமவேண்டும். மூன்று நாளும் கிருமி இருந்தது. நிறையவே இருந்தது என்றார்கள்.

அந்த அறைக்கு இரண்டு கதவுகள். ஒன்று மூடினால்தான் இன்னொன்று திறக்கும். அறையின் காற்று வெளியே கசியாதபடி ஒரு குழாய் அதை எந்நேரமும் உறிஞ்சிக்கொண்டிருக்கும். எனக்கு லிப்ட் குழிகளுக்குக் காற்றோட்ட வரைபடம் போடுகிற வேலை. காற்று போகும் வழியை நீல அம்புக்குறியால் காட்டிக் காட்டிப் பழகியவன். மத்தியானங்களில் படுத்தபடியே அந்த அம்புகளைக் கூரையில் வரைந்துகொண்டிருப்பேன். கதவடியிலிருந்து கிளம்பி, கட்டிலைச் சுற்றி, என் மூச்சையும் சேர்த்துக்கொண்டு மேலே போய் மறையும். காய்ச்சலில் அவை நிஜமாகவே நகர்ந்தன. சில சமயம் நானும் கட்டிலோடு மெல்ல நகர்ந்து போவது போலிருக்கும். பயமாக இருந்ததா என்றால், அப்போது இல்லை. எல்லாம் தூரத்தில், தண்ணீருக்கு அடியில் நடப்பது போல இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம். ஆறாவது மாடியிலிருந்து பார்த்தால் அதன் தலை மட்டும் தெரியும், பச்சையாய், அகலமாய். சாயங்காலம் இலைகளை மூடிக்கொள்ளும். நாலரை மணிக்கு அதன் ஓரத்தில் ஒரு மஞ்சள் குடை விரியும். அது கிரேஸ். மழை இல்லாவிட்டாலும் விரிப்பாள், மூன்று தடவை ஆட்டுவாள், பிறகு மடக்கிக்கொண்டு கட்டடத்துக்குள் வருவாள். பதிவு செய்து, முகக்கவசம் மாட்டி, முதல் கதவு, இரண்டாம் கதவு என்று அவள் வந்து சேரப் பத்து நிமிஷம் ஆகும். நாள் முழுவதிலும் அந்தப் பத்து நிமிஷம்தான் எனக்கு மிகவும் பிடித்தது.

வருகிறவர்கள் எல்லோருக்கும் கண்கள் மட்டும்தான். பாஸ்டரும் வந்தார். கண்ணாலேயே சிரித்து, “இதுக்குள்ள தேவனுக்கு ஒரு பெரிய நோக்கம் இருக்கு பிரதர்” என்றார். நான் பல வருடம் பலருடைய கட்டிலருகே நின்று சொன்ன அதே வாக்கியம். படுத்துக்கொண்டு கேட்கும்போது அது எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறது என்று முதல் தடவையாகத் தெரிந்தது. இருந்தாலும் ஆமென் சொன்னேன், நம்பவும் செய்தேன்.

மாத்திரைகள் ஆரம்பித்தன, ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி. நான்கு வகை மருந்து, ஆறு மாதம், ஒரு நாளும் தவறக்கூடாது. பாதியில் விட்டால் மிச்சமிருக்கும் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். அதில் ஒரு சிவப்பு மாத்திரை உடம்பின் நீரையெல்லாம் ஆரஞ்சு நிறமாக்கிவிடும். சிறுநீர் ஆரஞ்சு. வேர்வை லேசான ஆரஞ்சு. பயப்படவேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள்.

ஐந்தாம் நாள் ஒரு நர்ஸ் போனில் அழைத்தார். என்னோடு மூடிய அறையில் நெடுநேரம் இருந்தவர்கள் யார் யார் என்று கேட்டார். அவர்களையும் சோதிக்கவேண்டும். மனைவி, ஆபீசில் பக்கத்து மேசைக்காரர், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பதினோரு பேர் என்று வரிசையாகச் சொன்னேன்.

“சின்னப் பிள்ளைங்க யாரும் இருந்தாங்களா சார்?”

தண்ணீருக்கு மேலே தலையை யாரோ பிடித்து இழுத்தது போல எல்லாச் சத்தமும் ஒரே நேரத்தில் கேட்டது. ஒருத்தன் இருந்தான் என்றேன். எவ்வளவு பக்கத்தில் என்று கேட்டார். மடியில், முகத்துக்கு முன்னால் என்றேன்.

கிரேசுக்கு ஒன்றுமில்லை. டேனியல், எஸ்தர், பாஸ்டர், பக்கத்து மேசைக்காரர், யாருக்கும் ஒன்றுமில்லை. ஈத்தனுக்குக் கையில் தோலுக்கடியில் ஒரு சின்ன ஊசி போட்டார்கள். இரண்டு நாள் கழித்து அந்த இடம் தடித்திருந்தால் கிருமி உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். எஸ்தர் எனக்குப் படம் அனுப்பினாள், ஒரு வார்த்தைகூட எழுதாமல். மடிப்பு மடிப்பான அந்தக் குட்டிக் கையில் ஒரு சிவப்புத் தடிப்பு. விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். சிறிதாக்கினேன். மறுபடி பெரிதாக்கினேன். கண் துடைத்த டிஷ்யூவில் ஆரஞ்சுக் கறை இருந்தது.

எக்ஸ்ரேயில் பிள்ளையின் மார்பு சுத்தமாக இருந்தது. கிருமி உள்ளே தூங்குகிறது என்று டாக்டர் விளக்கினார். பெரியவர்களுக்கு அது ஆயுள் முழுக்கத் தூங்கலாம். கைக்குழந்தைக்கு அப்படி விடமுடியாது, எழுந்தால் மூளை வரைக்கும் போகும். அதனால் அவனுக்கும் ஆறு மாதம், தினமும் மருந்து.

அன்று சாயங்காலம் எஸ்தரைப் போனில் அழைத்தேன். மன்னிப்புக் கேட்க நினைத்து, வாய் பழக்கத்தில், “தேவன் இதுலயும் ஒரு...” என்று ஆரம்பித்துவிட்டேன்.

“அண்ணே, நிறுத்துங்க” என்றாள். குரலில் அழுகை இல்லை. “கவர்ல கடிதம் இருக்கும்னு பெரிய வெள்ளிக்குச் சொன்னீங்கல்ல? எம்பிள்ளைக்கு வந்திருக்க கவர்ல, அனுப்புனவர் இடத்துல உங்க பேருதான் இருக்கு.”

வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு மருத்துவமனையில் இருந்த நாட்களில் நான் ஜெபிக்கவில்லை. என் நோய்க்கு ஒரு நோக்கம் கண்டுபிடிக்கலாம், எனக்கு அது கைவந்த கலை. பெருமையை அடக்க, பொறுமை கற்க, சாட்சி சொல்ல என்று ஏழெட்டு தயாராகவே இருந்தன. ஆனால் எதை எடுத்தாலும் அதன் விலை அந்தக் குட்டிக் கையில் இருந்தது. நான் ஒரு பாடம் படிப்பதற்காக ஒரு பிள்ளை கஷ்டப்படவேண்டும் என்றால் அந்தப் பாடம் எனக்கு வேண்டாம் என்று கூரையைப் பார்த்துச் சொன்னேன். அம்புகள் தம் வழியே போய்க்கொண்டிருந்தன. கிரேசிடம் மட்டும் ஒருநாள் கேட்டேன், “எதுக்குடி இதெல்லாம்?” அவள் கஞ்சியைக் கலக்கியபடி, “எனக்குத் தெரியாதுங்க. சூடு ஆறுறதுக்குள்ள குடிங்க” என்றாள். அந்தப் பதில் எனக்கு ஆறுதலாக இருந்தது.

இரண்டு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மருந்து வேலை செய்கிறது, இனி என்னிடமிருந்து யாருக்கும் பரவாது. ஆனால் தினமும் காலை எட்டு மணிக்கு வீட்டுப் பக்கத்து பாலிகிளினிக்கில், நர்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் மாத்திரை விழுங்கவேண்டும். சனி, ஞாயிறுக்கு மட்டும் கையில் கொடுப்பார்கள். நர்ஸ் பெயர் மலர்விழி, இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். விழுங்கியதும், “ஆ காட்டுங்க அங்கிள். நாக்கைத் தூக்குங்க. ஓகே, வெரி குட் லா” என்பாள். நாற்பத்தைந்து வயதில் ஆபீஸ் சட்டையோடு நின்று நாக்கைத் தூக்கிக் காட்டுவேன்.

சபைக்குத் திரும்பினேன். பாஸ்டர் சாட்சி சொல்லச் சொன்னார். சுகமானவர்கள் ஒரு ஞாயிறு எழுந்து நின்று நடந்ததைச் சொல்லித் தேவனுக்கு நன்றி செலுத்துவது எங்கள் வழக்கம். அந்தப் பிள்ளை மருந்தை முடிக்கட்டும் பாஸ்டர் என்றேன். எஸ்தர் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஆசீர்வாதத்துக்கு முன்பே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் மாதக் கடைசியில் ஒரு காலை அவளே அழைத்தாள். பின்னால் ஈத்தன் அலறுவது கேட்டது.

“அண்ணே, நாலு நாளா மருந்தைத் துப்புறான். பழச்சாறுல கலந்தேன், பால்ல கலந்தேன், மூக்கைப் பிடிச்சுக்கூட ஊத்திப் பார்த்துட்டேன். வாயை இறுக்கி மூடிக்கிறான். இவன் அப்பாவும் ஷிப்ட்ல இருக்காங்க.” இப்போது அழுதாள். “உங்கள மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க. எனக்கு வேற வழி தெரியல. நீங்க வாயைத் திறந்தா அவன் திறப்பான்ல?”

மணி ஏழு ஐம்பது. நான் பாலிகிளினிக் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். மலர்விழியிடம் போய், வீடியோ காலில் ஒரு பிள்ளை நான் விழுங்குவதைப் பார்க்கவேண்டும் என்றேன். “இங்க வீடியோலாம் கூடாது அங்கிள்” என்றாள். யார் அந்தப் பிள்ளை என்று சொன்னேன். போனை வாங்கி, எனக்குப் பின்னால் வெறும் சுவர் மட்டும் தெரியும்படி நிறுத்தி வைத்தாள். “என் முகம் வரக்கூடாது, ஓகேவா? சீக்கிரம் லா.”

திரையில் ஈத்தன், மூக்கு ஒழுக, எஸ்தரின் மடியில். பல் இரண்டு முளைத்திருந்தது. இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, என்னை மறந்திருப்பான் என்று நினைத்தேன். மாத்திரையைக் காட்டினேன், வாயைத் திறந்தேன், “ஆ” என்றேன். அவன் என்னைப் பார்த்தான். உதட்டை இறுக்கிக்கொண்டான். முதல் நாள் தோல்வி. இரண்டாம் நாளும் துப்பினான். மூன்றாம் நாள் எனக்கு ஒரு யோசனை வந்தது. மருந்து அறையில் நின்று வெள்ளிக்கிழமைப் பாட்டு ஒன்றை மெல்லிய குரலில் பாடினேன். பாதியில் நிறுத்தி, வாயைத் திறந்தபடியே வைத்துக்கொண்டேன். ஈத்தன் அழுகையை மறந்தான். அவன் வாய் மெல்லத் திறந்தது. “ஆ.” எஸ்தரின் கை உள்ளே வந்து ஊசியில்லாத சிரிஞ்சால் மருந்தைக் கன்னத்தோரமாக விட்டது. விழுங்கிவிட்டான். அவனே அதிர்ச்சியடைந்தது போல் பார்த்தான்.

“நாக்கைத் தூக்கச் சொல்லுங்க” என்று போனுக்குப் பின்னாலிருந்து மலர்விழி சொன்னாள்.

அன்றிலிருந்து தினமும் எட்டு மணி. எஸ்தர் என்னோடு பேசமாட்டாள். “இந்தா, மாமா வந்துட்டாங்க” என்று பிள்ளையிடம் சொல்வாள், வேலை முடிந்ததும் வைத்துவிடுவாள். மழைக்காலை, புகைமூட்டமான காலை, எனக்கு மாத்திரையால் குமட்டிக்கொண்டு வந்த காலை, எல்லாவற்றிலும் ஒரு சின்னத் திரையில் ஒரு சின்ன வாய் திறந்தது. என்னிடமிருந்து அவனுக்குக் கிருமி போன வழியும் இந்த வாய்தான். அதை நினைத்து முதலில் உடம்பு கூசியது. பிறகு ஒருநாள், தானாகவே, வாயைத் திறக்குமுன் ஒரு வார்த்தை ஜெபித்தேன். எனக்கென்று எதையும் கேட்கவில்லை. இவன் விழுங்கட்டும் என்று மட்டும் கேட்டேன்.

என் ஆறு மாதம் அவனுடையதற்கு முன்பே முடிந்தது. மலர்விழி கடைசி நாள், “அப்பாடா அங்கிள், ப்ரீ!” என்றாள். அவனுக்கு இன்னும் இரண்டு வாரம் மீதி இருந்தது. வீட்டுச் சமையலறையில் எட்டு மணிக்குப் போனை வைத்து, வெறுங்கையை வாய்க்குக் கொண்டுபோய், தண்ணீரை விழுங்கி, ஆ காட்டினேன். கிரேஸ் பின்னால் நின்று அவளும் ஆ காட்டுவாள்.

அவன் மருந்து முடிந்த ஞாயிறு நான் சாட்சி சொன்னேன். என் முகத்தில் நீங்கள் பார்த்த பிரகாசம் காய்ச்சல் என்று ஆரம்பித்தேன். பாஸ்டர் குனிந்துகொண்டார், பாவம். கவரும் கடிதமும் பற்றிப் பேசியவனுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்றேன். “என் நோய்க்கு என்ன நோக்கம் என்று இன்றும் எனக்குத் தெரியாது. காலை எட்டு மணிக்கு என் வாய்க்கு ஒரு வேலை கொடுக்கப்பட்டிருந்தது. அது மட்டும் தெரியும். அதற்கு ஸ்தோத்திரம்.” அடுத்து என்ன சொல்வதென்று தெரியாமல் வாயைத் திறந்தபடி நின்றேன். கடைசி வரிசையிலிருந்து, சபை முழுக்கக் கேட்கும்படி ஒரு “ஆ” வந்தது.

எல்லோரும் திரும்பிச் சிரித்தார்கள். எஸ்தரின் கை, பழக்கத்தில், பையைத் திறந்து சிரிஞ்சைத் தேடிக்கொண்டிருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் தூறல். போர்ட்டிகோவில் கூட்டமாக நின்றோம். எஸ்தர் ஆசீர்வாதத்துக்கு முன் போகவில்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தோளில் பையோடு, குடையோடு போராடிக்கொண்டே என் பக்கம் வந்தாள்.

“அண்ணே, இவனைக் கொஞ்சம் பிடிங்க. குடையை விரிக்கணும்.”

பிடித்தேன். ஏழு மாதத்துக்குப் பிறகு அவன் எடை என் கைகளில் இருந்தது, நன்றாகக் கனத்திருந்தான். மூச்சு அவன்மேல் படக்கூடாது என்று பழக்கத்தில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஈத்தன் இரண்டு கையாலும் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, நான் வாயைத் திறப்பதற்காகக் காத்திருந்தான்.